இரத்தம் சொல்வதும் செக்ரோல் சொல்வதும்

(கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

சம்பளம், போனஸ், வீடு ஆகியவற்றைப் பற்றித் தலைவர் அவர்களும் செயலாளர் அவர்களும் விளக்கமாகப் பேசிவிட்டார்கள். எங்களிடம் விடப்பட்ட விஷயம் வேறு. கடந்த இரண்டு வருஷமாக நம் கிளைக்கு வரும் மனுக்களில் ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. "எங்கள் தாத்தாவின் தம்பி எந்தத் தோட்டத்துக்குப் போனார்?" "பாட்டி யார் வயிற்றுப் பிள்ளை?" "ஊரில் எங்களுக்கு எந்தக் கிராமம்?" என்று கேட்டு வருகிறார்கள். சில இளைஞர்கள் கைத்தொலைபேசியை நீட்டி, "குப்பியில் எச்சில் துப்பி வெளிநாட்டுக்கு அனுப்பினோம்; உறவுக்காரர் என்று நாற்பது பேர் பட்டியல் வந்திருக்கிறது; இவர்கள் எங்களுக்கு என்ன முறை?" என்கிறார்கள். சங்கம் என்ன, கலியாணத் தரகு ஆபீசா என்று செயற்குழுவிலேயே ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அதற்கு அடுத்த வாரம் வந்த ஒரு மனு எங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டது. அந்த மனுவின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறோம். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதத்தோடு சொல்கிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம் என்றார்கள், சொல்லமாட்டோம்.

மனு கொண்டுவந்தவர் ஒரு மூதாட்டியின் மகள். மூதாட்டி நெகிரி செம்பிலானில் பிறந்து, அங்கேயே புல்வெட்டி, பால்வெட்டி, ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தெட்டு. அவருடைய அடையாளக் கார்டின் நிறம் சிவப்பு. அதாவது இந்நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கலாம். ஆனால் குடிமகள் அல்ல. ஆறு பிள்ளைகளும் நீலக் கார்டு. பேரப்பிள்ளைகள் வாக்களிக்கப் போகும்போது பாட்டி வாசலில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொள்வார். "சாவதற்கு முன் ஒரு தடவை ஓட்டுப் போடவேண்டும்" என்பது அவர் ஆசை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடியும் வரை மலாயாக் கூட்டரசு மண்ணில் பிறந்தவர் பிறப்பினாலேயே குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோர் யார், அவர்களின் தகுதி என்ன என்ற கேள்வி எழுந்துவிடும். சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்து குடியுரிமை பெறாமல் விடுபட்டவர்கள், விண்ணப்பம் செய்து பதிந்துகொள்ள அரசியல் சட்டத்தின் 16ஆம் விதி இடம் தருகிறது. இந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முந்திய ஏழு வருஷத்தில் மொத்தம் ஐந்து வருஷமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், சாதாரண மலாய் பேசத் தெரியவேண்டும். (மலாய் விஷயத்தில் பாட்டிக்குப் பயமே இல்லை. மீன்காரரோடு அவர் பேரம் பேசும் மலாயைக் கேட்டால் எந்த அதிகாரியும் தோற்றுப்போவார்.) தடங்கல் முதல் நிபந்தனையில்தான். பிறந்தது இங்கேதான் என்பதற்கு ருசு எங்கே? சூராட் பிரானாக் இல்லை. 1947இல் லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் யாரும் பதியவில்லை.

தாமதமாகப் பதியலாம் என்று பாரம் வாங்கினோம். தாயார் பெயர் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டோம். அந்த இடத்தில்தான் குடும்பத்துச் சங்கடம் வெளிப்பட்டது.

பாட்டியை வளர்த்தவர் 1961இல் காலமானார். பாட்டி அவரைத்தான் அம்மா என்று அழைத்தார். ஆனால் லயத்தில் வேறொரு பேச்சு வெகுகாலமாக இருந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு மூத்த மகள் உண்டு. 1947இல் பதினாறு வயதுக் குமரி. அவளுக்குப் பிறந்த பிள்ளையைத்தான் தாயார் தம் பிள்ளை என்று சொல்லி வளர்த்தார் என்பது அந்தப் பேச்சு. மூத்த மகள் பிள்ளை குட்டி இல்லாமல் இறந்துவிட்டார். இன்னொரு மகளும் இருந்தாளாம், நடுப்பிள்ளை, சின்ன வயதிலேயே பேராக் பக்கம் போய்விட்டாளாம். "உனக்கு ஓர் அக்காள் பேராக்கில் இருக்கிறாள்" என்று தாயார் சொன்னது மட்டும் பாட்டியின் காதில் நிற்கிறது. தகப்பனார் யார் என்று அம்மா சொன்னதில்லை. இவர் கேட்டதுமில்லை.

பாரத்தில் எழுதுவது சத்தியப் பிரமாணம். அம்மா என்று எழுதி, உண்மையில் அவர் பாட்டியாக இருந்தால் பொய்ச் சத்தியம் ஆகிவிடும். மகள் எங்களைப் பார்த்து, "கிராணி ஐயா, நீங்கள் புத்தகம் பார்க்கிறவர்கள். பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

சகோதரர்களே, இங்கே கிராணிகளாகிய நாங்கள் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பழைய புத்தகங்களில் உங்கள் பாட்டன் பாட்டிமார் பெயர்களைக் கெடுத்தவர்கள் எங்கள் முன்னோர்களே. ஒரே கருப்பாயியை ஒரு மாதம் கருப்பாய் என்றும், மறு மாதம் கற்பாயி என்றும் இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்கள். ஐந்து முனியம்மாக்கள் இருந்தால் முனியம்மா ஒன்று, முனியம்மா இரண்டு என்று நம்பர் போட்டுவிடுவார்கள். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரே முன்னெழுத்து. அந்தத் தகப்பன் பெயரும் ஓர் எழுத்தாகச் சுருங்கி, எழுத்தும் மாறிப்போனால் தலைமுறை அறுந்தது அறுந்ததுதான். வயதைக் கேட்டு எழுதியவர் குறைவு. ஆளைப் பார்த்து எழுதியவரே அதிகம்.

ஆகையால் செக்ரோலில் பெயரைத் தேடுகிறவன் ஏமாந்துபோவான். நம்பரைத் தேடவேண்டும். பெயர் பத்து விதமாக மாறினாலும் செக்ரோல் நம்பர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. நம்பரின் பேரில்தான் கூலி. நம்பரின் பேரில்தான் அரிசிக்குப் பிடித்தம். காசு சம்பந்தப்பட்ட இடத்தில் எந்தப் பெரிய கிராணியும் தப்புச் செய்யத் துணியமாட்டார். கணக்கு இடித்தால் துரை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்.

அந்தத் தோட்டத்து ஆபீஸ் ஸ்டோரில் 1946 முதலான புத்தகங்கள் சில தப்பிக் கிடந்தன. அதற்கு முந்தியவை இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் போனவை போனவைதான். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புரட்டினோம். கரையான் தின்ற பக்கங்கள், ஒட்டிக்கொண்ட பக்கங்கள், ரப்பர்ப் பால் சிந்திக் காய்ந்த பக்கங்கள். தாயாரின் நம்பரைக் கண்டுபிடித்தோம். மூத்த மகளின் நம்பர் அதற்கு அடுத்த வரியிலேயே இருந்தது. 1946 ஆகஸ்ட் மாதத்தில், அவர்களுக்கு மேல் வரியில், ஓர் ஆண் பிள்ளையின் பெயர் புதிதாக முளைத்திருக்கிறது. ஆறு வாரம் வேலை செய்திருக்கிறார். பிறகு சிவப்பு மையில் ஒரு கோடு. கணக்குத் தீர்த்துப் போய்விட்டார் என்று குறிப்பு. யார் இவர்?

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் புத்தகத்தில் அதே ஆண் பெயர் இன்னோர் இடத்தில் வந்தது. ஒரு சிறுமியின் தகப்பனார் பெயராக. அந்தச் சிறுமி 1946 செப்டம்பரில் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனாள். காரணம் என்ற கட்டத்தில், தகப்பனாரோடு பேராக் சென்றாள் என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். அந்த ஆசிரியர் எங்கேயிருந்தாலும் அவருக்கு நம் வணக்கம். ஊரின் பெயரையும் எழுதி வைத்திருந்தார்.

நடுப்பிள்ளை இவள்தான் என்று தெரிந்தது. தகப்பனார் 1946 ஆகஸ்டுக்கு முன் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கூட்டத்தில் சயாமுக்கு ஆள் போகாத குடும்பம் எத்தனை? 1942லும் 1943லும் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000த்துக்கும் மேற்பட்டோர் கொண்டு போகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். வெள்ளைக்காரக் கைதிகளில் 12,000த்துக்கு மேல் மாண்டார்கள். காஞ்சனபுரியின் பெரிய மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. பெரும்பாலான கற்களில் பெயர், பட்டாளம், தேதி எல்லாம் வெட்டியிருக்கிறது. பட்டாளத்தில் பெயர்ப் பட்டியல் இருந்தது. அதனால் கல்லில் பெயர் வந்தது. நம் ஆட்களைப் பட்டியல் போட்டு யாரும் வைக்கவில்லை. லாரியில் ஏற்றிப்போன ஆளின் பெயர் செக்ரோலிலிருந்து அடிக்கப்பட்டதோடு சரி. போனவர் செத்தாரா, இருக்கிறாரா என்று வீட்டிலிருந்த பெண்டுபிள்ளைகளுக்கு ஒரு வரி எழுத்து வந்ததில்லை.

பேராக்கில் நம் சங்கக் கிளைக்கு எழுதினோம். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மூதாட்டி ஒருவர் இருக்கிறார். வயது எண்பத்தைந்து. 1940இல் நெகிரி செம்பிலானில் பிறந்ததாக சூராட் பிரானாக் கையில் வைத்திருக்கிறார். அதில் தாயார் பெயரும், நமக்கு வேண்டிய தோட்டத்தின் பெயரும் இருக்கின்றன. ஆனால் அவர் சொன்ன கதை வேறு. "அப்பா சயாமில் இருந்து வந்தபோது அம்மா செத்துப்போயிருந்தார். அப்பா என்னைச் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிவந்தார். பெரியக்கா அங்கேயே நின்றுவிட்டார். தங்கை என்று யாரும் எனக்கு இல்லை" என்கிறார். தாயாருக்கு வருஷா வருஷம் ஆடி மாதத்தில் படையல் போடுகிறாராம். ஆனால் நம் கையிலிருக்கும் செக்ரோலில், அவருடைய தாயார் 1946லும் 1947லும் கூலி வாங்கியிருக்கிறார்.

ஏடு ஒன்று சொல்கிறது, வாய் ஒன்று சொல்கிறது. இந்த நிலையில்தான் இரு குடும்பத்துப் பேரப்பிள்ளைகளும் பேசி, மரபணுச் சோதனை செய்யலாம் என்றார்கள். டி.என்.ஏ. சோதனை என்பது அதுவே. கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பார்கள். வலி இல்லை, ஊசி இல்லை. இரண்டு கிழவிகளுக்கும் அது பெரிய வேடிக்கையாக இருந்ததாம்.

சோதனை எப்படி வேலை செய்கிறது என்பதை நாங்கள் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறோம். நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வோர் அணுவிலும் ஒரு பெரிய எழுத்துக் கோவை இருக்கிறது. அதில் பாதி தாயிடமிருந்து வந்தது, பாதி தகப்பனிடமிருந்து வந்தது. ஆகவே தாய்க்கும் பிள்ளைக்கும் சரிபாதி ஒத்துப்போகும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த சகோதரர்களுக்குள் சராசரியாகப் பாதி ஒத்துப்போகும். தாய் ஒன்று தகப்பன் வேறு என்றால் கால்பங்கு. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்குள் அரைக்கால்பங்கு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அடுத்த தலைமுறைக்குப் போனால் நூற்றுக்கு மூன்று. அதையும் தாண்டினால், உண்மையான சொந்தமாக இருந்தும் சோதனையில் ஒன்றுமே ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டு. இதுதவிர, தாய்வழியாக மட்டும் வரும் ஒரு சிறு கோவை உண்டு. தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும். அவர்களில் பெண்கள் மட்டுமே அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பார்கள். தகப்பன்வழியாக மகனுக்கு மட்டும் வருவது வேறொன்று.

இங்கே ஒரு வார்த்தை. எச்சில் குப்பி அனுப்பிப் பட்டியல் வாங்கிய தம்பிமார் கவனிக்கவேண்டும். அந்தக் கணக்கெல்லாம், உறவில் மணம் முடிக்காத ஜனங்களை வைத்துப் போட்ட கணக்கு. நம்மிலோ மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்தவர்கள் அநேகர். ஒரே இரத்தம் பல வழியாகச் சுற்றிச்சுற்றி வந்திருக்கும். ஆகவே நாலாம் ஐந்தாம் தலைமுறைத் தூரத்தில் இருப்பவனை, உன் தாத்தாவின் அண்ணன் பேரன் என்று அந்தப் பட்டியல் கிட்டத்தில் காட்டிவிடும். நாற்பது பேரைப் பார்த்து நாற்பது வீட்டுக்குச் சீர் தூக்கிப் போகாதீர்கள்.

முடிவு வந்தது. இரண்டு மூதாட்டிகளுக்கும் தாய்வழிக் கோவை ஒன்றேதான். மொத்தத்தில் ஒத்துப்போவது ஏறத்தாழக் கால்பங்கு.

பேரப்பிள்ளைகள் தொலைபேசியிலேயே ஆரவாரம் செய்தார்கள். நாங்கள் சந்தோஷப்பட முடியவில்லை. கால்பங்கு என்றால் ஒரு தாய் வயிற்றில் வேறு வேறு தகப்பனுக்குப் பிறந்த அக்காள் தங்கையாக இருக்கலாம். ஆனால் சின்னம்மாவும் அக்காள் மகளும் என்றாலும் அதே கால்பங்குதான். தாய்வழிக் கோவையும் ஒன்றாகத்தான் இருக்கும். அதாவது லயத்துப் பேச்சு உண்மையாக இருந்து, மூத்த மகளின் பிள்ளைதான் நம் பாட்டி என்றாலும், சோதனை இதே விடையைத்தான் கொடுக்கும். இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல அந்தப் பரிசோதனைக் கூடத்தாலும் முடியவில்லை. முழு அக்காள் தங்கை இல்லை, அந்நியரும் இல்லை என்பது வரை இரத்தம் சொன்னது. அதற்குமேல் அது பேசவில்லை.

மறுபடியும் செக்ரோலுக்கே போனோம்.

மூதாட்டியின் வயதுக்கும் பள்ளிக்கூடப் பதிவுக்கும் ஒத்த மாதம் 1947 பிப்ரவரி. அந்த மாதத்துப் பக்கத்தை விரித்தோம். மூத்த மகளின் வரியில், பிரட்டுக்கு வந்த நாட்களுக்கெல்லாம் பெருக்கல் குறி. எண்ணினோம், இருபத்துநாலு. ஜனவரியிலும் மார்ச்சிலும் அப்படியே. பிள்ளை பெற்ற பெண் அந்த மாதமே இருபத்துநாலு நாள் காட்டுக்குப் போயிருக்க முடியுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல டாக்டர் வேண்டாம். இங்கே இருக்கும் தாய்மார்களே போதும்.

அதற்கு மேல் வரி தாயாருடையது. ஜனவரி நடுவிலிருந்து ஒரு குறியும் இல்லை. பிப்ரவரி வெறுமை. கடைசிக் கட்டத்தில் ஒரு தொகையும், பக்கத்தில் பிரசவப் படி என்று இங்கிலீஷில் ஒரு குறிப்பும், பெரிய கிராணியின் சுருக்கொப்பமும்.

1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டத்தில் தோட்டத்துப் பெண்களுக்குப் பிரசவப் படி உண்டு. எத்தனை தோட்டங்கள் ஒழுங்காகக் கொடுத்தன என்பது வேறு கதை. இந்தத் தோட்டத்தில் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்ததைக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ எண்பது வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு வரி மூன்று கேள்விக்குப் பதில் சொல்லியது. பெற்றவர் யார்? தாயார்தான். எப்போது? 1947 பிப்ரவரி வாக்கில். எங்கே? நெகிரி செம்பிலானில், இந்தத் தோட்டத்தில். மூன்றாவது கேள்விதான் குடியுரிமைக்கு உயிர். இரத்தத்தை எத்தனை தடவை சோதித்தாலும் அது பிறந்த ஊரைச் சொல்லப்போவதில்லை.

பிறகுதான் பெரிய கஷ்டம் வந்தது. பேராக் அம்மாளுக்கு இதைச் சொல்வதா, வேண்டாமா?

கணக்கைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும். 1947 பிப்ரவரியில் பிறந்த பிள்ளை 1946 மே மாதம் தரித்தது. தகப்பனார் சயாமிலிருந்து வந்து சேர்ந்தது ஆகஸ்டில். வந்து பார்க்கும்போது மனைவி மூன்று மாதக் கர்ப்பம். ஆறு வாரம் ஒரே தோட்டத்தில் வேலை செய்து பார்த்திருக்கிறார். முடியவில்லை. கணக்குத் தீர்த்து, கைக்கு அடங்கிய மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா செத்துவிட்டாள் என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் தாய் அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் உயிரோடு இருந்தார்.

செயற்குழுவில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. எண்பத்தைந்து வயதில் எதற்கு மனத்தைப் புண்படுத்துவது, அக்காள் தங்கை என்று மட்டும் சொல்லிவிடலாம் என்றார்கள் சிலர். ஒரு சகோதரர், அந்தத் தாயைப் பற்றி ஒரு சொல் சொன்னார். அதை இங்கே திருப்பிச் சொல்லமாட்டோம். எங்கள் மாதர் பகுதித் தலைவி எழுந்து, "மூன்று வருஷம் புருஷன் செத்தானா இருக்கிறானா தெரியாது, அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்கு, இரண்டு பெண் பிள்ளை. ஜப்பான்காரன் காலத்து லயத்தில் அவள் எப்படிப் பிழைத்தாள் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். அதன் பிறகு யாரும் பேசவில்லை. தகப்பனாரையும் நாங்கள் குறை சொல்ல வரவில்லை. சயாமில் இருந்து திரும்பியவர் அவர். அங்கே பார்த்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்.

கேட்பவருக்குத்தான் சொல்லவேண்டும் என்று முடிவு செய்தோம். பேராக்கிலிருந்து அம்மாளை மகன் காரில் கூட்டிவந்தார். தெரிந்ததெல்லாம் சொல்லவா, தங்கை என்பது மட்டும் போதுமா என்று முதலிலேயே கேட்டோம். "நான் பால்வெட்டினவள். பாதி வெட்டி நிறுத்தினால் மரம் கெட்டுப்போகும். சொல்லுங்கள்" என்றார். புத்தகத்தை விரித்துக் காட்டினோம். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. விரலை வைத்து அந்த வரியை மெல்லத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அறுபத்தொன்றில் நான் சிரம்பானுக்கு ஒரு கலியாணத்துக்கு வந்தேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. தங்கை அருகில் வந்து உட்கார்ந்தார். "அம்மா எந்த மாதத்தில் போனாள்?" என்று அக்காள் கேட்டார். "புரட்டாசி" என்றார் தங்கை. இந்த வருஷம் படையல் புரட்டாசியில் நடந்தது. நெகிரி செம்பிலானில், இரு குடும்பமும் சேர்ந்து.

விண்ணப்பம் போய்விட்டது. அக்காளின் சூராட் பிரானாக், சோதனை முடிவு, செக்ரோல் பக்கத்தின் அத்தாட்சி பெற்ற நகல், பள்ளிக்கூடப் பதிவு, அக்காளின் சத்தியப் பிரமாணம் ஆகிய ஐந்தும் சேர்த்து அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் பத்திரிகையில் போடுவோம்.

இதைக் கேட்டதும் நாளைக்கே எல்லோரும் எச்சில் குப்பி வாங்கப் போகவேண்டாம். சர்க்கார் காரியத்துக்குத் தபாலில் அனுப்பும் குப்பி செல்லாது. சோதிக்கப்படுகிறவர் இன்னார்தான் என்று பார்த்து, பொறுப்புள்ளவர் முன்னிலையில் எடுத்து, முத்திரை வைத்து அனுப்பிய மாதிரிதான் செல்லும். எங்கே போகவேண்டும் என்பதை இலாகாவில் கேட்டு, கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். வீண்செலவு செய்தபிறகு கிளைக்கு வந்து வருத்தப்படுவதில் பயனில்லை. வியாபாரக் கம்பெனிகளிடம் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கவேண்டும். டுவென்டிதிரீஅண்ட்மீ என்ற அமெரிக்கக் கம்பெனியில் 2023இல் திருடர்கள் புகுந்து ஏறத்தாழ 69 லட்சம் பேருடைய விவரங்களை எடுத்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றலாம். இரத்தத்தை மாற்ற முடியாது. அதுவும் உங்கள் ஒருவருடைய இரத்தம் மட்டுமல்ல, உங்கள் அண்ணன் தம்பி பிள்ளைகளுடையதும்கூட.

பெண்டாட்டி மேல் சந்தேகப்பட்டுப் பிள்ளையைச் சோதிக்க வழி கேட்டு ஒருவர் வந்தார். அவருக்கு நாங்கள் உதவி செய்யவில்லை. செய்யவும் மாட்டோம்.

இன்னொருவர் பழைய புத்தகத்தில் தம் பாட்டனாரின் ஜாதியைப் பார்த்துச் சொல்லக் கேட்டார். உண்மைதான், பழைய பதிவுகள் சிலவற்றில் ஊர், தாலுகா இவற்றோடு ஜாதிக் கட்டமும் இருக்கிறது. ஊர் பெயரை எழுதிக்கொடுத்தோம். ஜாதிக் கட்டத்தை நகல் எடுப்பதில்லை என்று கிளை தீர்மானித்திருக்கிறது. அந்தத் தீர்மானம் இந்தக் கூட்டத்திலேயே உங்கள் முன் வரும். அவர் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு விஷயம். அக்காள் பிள்ளையை, அநாதைப் பிள்ளையை, இரக்கப்பட்டு எடுத்து வளர்ப்பது நம்மிடையே வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் பெற்றவள் பெயருக்குப் பதிலாக வளர்ப்பவள் தன் பெயரைப் பதியக்கூடாது. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். முன்காலத்தில் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும், இன்று சோதனையில் தெரிந்துவிடும். அப்போது அகப்பட்டுக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டுக்குப் போகும் அந்தப் பிள்ளையும்தான். சுவீகாரத்தைப் பதிய 1952ஆம் வருஷத்திலிருந்தே சட்டம் இருக்கிறது. கிளைக்கு வாருங்கள், பாரம் நிரப்பித் தருகிறோம். பிறந்த குழந்தையை அறுபது நாளுக்குள் பதிந்துவிடுங்கள். கலியாணத்தையும் பதியுங்கள். கோயிலில் தாலி கட்டியது போதும் என்று இருந்துவிட்டால், பிள்ளைக்குத் தகப்பனின் தகுதி போய்ச் சேராது. தாயின் தகுதியைத்தான் பார்ப்பார்கள். தாய் குடிமகள் அல்ல என்றால் பிள்ளை படும் பாட்டை நாங்கள் ஆபீசில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக எங்கள் இனத்தாருக்கு, கிராணிகளுக்கு. சம்பளப் பதிவுகளை ஆறு வருஷம் வைத்திருந்தால் போதும் என்கிறது 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டம். ஆகவே தோட்டம் கைமாறும்போதும், வீட்டுமனை போடும்போதும், செம்பனைக்கு மாற்றும்போதும் பழைய புத்தகங்களைக் கொளுத்தச் சொல்லுகிறார்கள். நாங்களும் கொளுத்தியிருக்கிறோம். ஏழு வருஷத்துக்கு முன், ஒரு தோட்டத்தில், இரண்டு லாரி. மத்தியானம் மூன்று மணி வரை எரிந்தது. அதில் எத்தனை பேருடைய பிரசவப் படி எரிந்தது என்று அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை. சட்டம் கொளுத்தலாம் என்றால் கொளுத்தித்தான் ஆகவேண்டும் என்று அர்த்தமில்லை. துரையிடம் கேட்டு வாங்கலாம்; கேட்டுப் பார்த்த இரண்டு இடத்திலும் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது குப்பை. கோலாலம்பூரில் தேசியப் பழஞ்சுவடி நிலையம் இருக்கிறது. அதனிடமும் எழுதிக் கேட்கலாம். அதுவரைக்கும் கிளையின் பின்னறையில் இரண்டு இரும்பு அலமாரி காலி செய்திருக்கிறோம்.

கீழ்ப்பிரிவுப் பழைய ஸ்டோரில் பதினொரு பெட்டி கிடக்கிறது. அடுத்த மாதம் அந்தக் கட்டடத்தை இடிக்கிறார்கள். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பெட்டிகளை எடுக்கப் போகிறோம். லாரி கிடைத்துவிட்டது, ஆள்தான் வேண்டும். வருகிறவர்கள் மூக்குக்குத் துணி கொண்டு வாருங்கள், கரையான் தூசு அதிகம். பெட்டியைக் கவிழ்க்காதீர்கள், பக்கங்கள் தையல் விட்டிருக்கும், வரிசை கலைந்தால் எந்த மாதம் எது என்று தெரியாமல் போய்விடும். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நாலைந்து பேரையும் கூட்டி வாருங்கள். மத்தியானச் சாப்பாடு கிளையின் பொறுப்பு.